ரெனே யாருடைய பாட்டு?

பெட்டாலிங் ஜெயாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் பழைய பொருள் சந்தையில் இசைத்தட்டு விற்கும் ஓர் அண்ணன் இருந்தார். கல்லூரியில் படித்த காலத்தில் நான் அவரிடம் வாங்கியதைவிட நின்று கேட்டதுதான் அதிகம். ஒருநாள் ஃபோர் டாப்ஸ் குழு பாடிய 'வாக் அவே ரெனே' ஓடிக்கொண்டிருந்தது. வானொலியில் எத்தனையோ தடவை கேட்ட பாட்டு.

"ஃபோர் டாப்ஸ் பாட்டுல எனக்கு இதான்ணே ரொம்பப் புடிக்கும்" என்றேன்.

அண்ணன் சிரித்தார். "அவங்க பாட்டுன்னு யாரு சொன்னா? இது நியூயார்க் பசங்க சில பேரு போட்டது தம்பி. லெஃப்ட் பேங்க்னு ஒரு குரூப்பு. ஒழுங்கா ரெண்டு வருசம்கூட சேந்து இருக்கல. இந்தா கேளு."

கேட்டேன். ஃபோர் டாப்ஸ் பாடுவதில் ஓர் ஆண் நெஞ்சு வெடித்து அழுவான். இதில் யாரும் வெடிக்கவில்லை. வயலின்கள் இறங்கி வந்தன. சீனக் கண்ணாடிக் கோப்பையைத் தட்டியதுபோல ஒரு கம்பி ஒலி. அதன்மேல் மெல்லிய ஒரு பையன் குரல். விலகிப் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டுதான். ஆனால், அவளைத் திரும்பக் கூப்பிடும் துணிச்சல்கூட அந்தக் குரலுக்கு இல்லை. அன்று அந்த ஒலிவட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். 1992இல் மெர்க்குரி நிறுவனம் அவர்களுடைய 1966 முதல் 1969 வரையிலான பதிவுகளைத் தொகுத்து வெளியிட்ட வட்டு அது. ஒரு குழுவின் மொத்த வாழ்க்கையும் ஒரே வட்டில் அடங்கிவிட்டது.

இந்தக் குழுவைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

கதை ஒரு சாவியிலிருந்து தொடங்குகிறது. நியூயார்க்கின் பிராட்வேயில் 'வேர்ல்ட் யுனைடெட்' என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தை ஹாரி லுகோஃப்ஸ்கி நடத்திவந்தார். சாதாரண ஆள் இல்லை. டோஸ்கனினி நடத்திய என்பிசி சிம்ஃபனியில் வயலின் வாசித்தவர். 1959இல் 'ஸ்ட்ரிங்ஸ்வில்' என்ற ஜாஸ் வயலின் தட்டை வெளியிட்டவர். அவருடைய மகன் மைக்கேல் அங்கே எடுபிடி வேலை செய்துகொண்டு, தேவைப்பட்டால் பியானோவும் வாசித்தான். கூடத்தின் சாவி அவனிடம் இருந்தது. இரவில் ஆள் இல்லாத நேரத்தில் தன் வயதுப் பையன்களை உள்ளே விட்டான். ஸ்டீவ் மார்ட்டின் கேரோ, டாம் ஃபின், ஜார்ஜ் கேமரன் மூவருக்கும் சேர்ந்து பாடுவதில் இயல்பான ஓர் இணக்கம் இருந்தது. கேரோ ஸ்பெயினில் பிறந்தவர். நடிகர் ஸ்டீவ் மார்ட்டினோடு குழம்ப வேண்டாம். மைக்கேலுக்கு மேலைச் செவ்வியல் இசைப் பயிற்சி இருந்தது. மகன் தன் பெயரை மைக்கேல் பிரவுன் என்று வைத்துக்கொண்டான். 1965இல் குழு உருவானது. பாரிஸின் இடது கரையை நினைவூட்டும் பெயரில் கடைசியாக ஓர் 'இ' சேர்த்துக்கொண்டார்கள்.

ரெனே என்ற பெண் அப்போது டாம் ஃபின்னின் காதலி. பிரவுனுக்கு அவள்மீது ஒருதலையாக மயக்கம். அவளை நினைத்து மூன்று பாடல்கள் வந்தன. 'வாக் அவே ரெனே', 'பிரிட்டி பேலரினா', 'ஷி மே கால் யூ அப் டுநைட்'. நண்பனின் காதலியைப் பற்றிய பாட்டுகளை அந்த நண்பனையே வைத்துக்கொண்டு பாடிப் பதிவுசெய்தார்கள். பிரவுனுக்கு அப்போது 16 வயது. ஒலிப்பதிவு அன்று ரெனே கூடத்துக்கு வந்திருந்ததாகவும், கை நடுங்கியதால் ஹார்ப்சிகார்டை வாசிக்க முடியவில்லை என்றும், அவள் போனபிறகு திரும்பவந்து வாசித்ததாகவும் பிரவுன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பாட்டு 1966 ஜூலையில் ஸ்மாஷ் நிறுவனத்தின் வெளியீடாக வந்து, அந்த ஆண்டே பில்போர்டு பட்டியலில் 5ஆம் இடத்தைத் தொட்டது. தட்டில் எழுதியவர்களாக மூன்று பெயர்கள் இருக்கின்றன: பிரவுன், பாப் கலில்லி, டோனி சான்சோன். வரிகளை எழுதியது தான்தான் என்றும், பீட்டில்ஸின் 'மிஷெல்' மாதிரி ஒரு பிரெஞ்சுப் பெயர் வேண்டும் என்பதற்காக ரெனே என்று வைத்ததாகவும் சான்சோன் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நடுங்கிய கை யாருக்காக நடுங்கியது? இந்தக் கேள்வியை இங்கேயே வைத்துவிட்டு நகர்கிறேன். இந்தக் குழுவின் கதையில் 'யாருடையது' என்ற கேள்வி முதல் பாட்டிலேயே இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

*

'பரோக் பாப்' என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. பாக், பர்செல் காலத்து வாத்தியங்களையும் இசைக்கட்டையும் மூன்று நிமிடப் பாட்டுக்குள் கொண்டுவருவது, அவ்வளவுதான். நம்மில் பலருக்கு பாக் இளையராஜா வழியாக வந்தவர். 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' கேட்ட காதுகளுக்கு இந்த உறவு புதிதில்லை. அமெரிக்க, ஆங்கிலப் பாப்பில் இது 1965, 66இல் வேகம் பிடித்தது. பீட்டில்ஸ் 'யெஸ்டர்டே' பாட்டில் நான்கு தந்தி வாத்தியங்களைச் சேர்த்தார்கள். பிறகு 'எலினோர் ரிக்பி'யில் எட்டு. பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966 மே மாதம் வந்தது. லெஃப்ட் பேங்க் இந்த அலையைத் தொடங்கியவர்கள் அல்ல. ஆனால், மற்றவர்கள் எப்போதாவது அணிந்த உடையை இவர்கள் அன்றாட உடையாகவே வைத்துக்கொண்டார்கள்.

ஹார்ப்சிகார்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பியானோவில் சுத்தி கம்பியை அடிக்கிறது. மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலி, ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி. ஹார்ப்சிகார்டில் ஒரு சிறு முள் கம்பியை மீட்டுகிறது. நீங்கள் எப்படி அழுத்தினாலும் சத்தத்தின் அளவு பெரிதாக மாறாது. அழுதுகொண்டே வாசித்தாலும் அது அழாது. காதல் தோல்வியைச் சொல்ல இது பொருத்தமில்லாத வாத்தியம் என்று தோன்றும். ஆனால், தன் துக்கத்தை யாருக்கும் காட்டத் தெரியாத ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடையாது.

இன்னொன்று அடிநாதம். 'வாக் அவே ரெனே'யில் கீழே ஒலிக்கும் பேஸ் அரை அரை சுரமாகப் படியிறங்கி வரும். ஐரோப்பிய இசையில் இது பழைய புலம்பல் மரபு. பதினேழாம் நூற்றாண்டில் பர்செலின் 'டைடோ அண்ட் ஈனியாஸ்' இசை நாடகத்தில் டைடோ சாகும்முன் பாடுவது இப்படி இறங்கும் அடிநாதத்தின் மீதுதான். ஒரு ராணியின் மரணத்துக்கு வைத்த இறக்கத்தை நியூயார்க் தெருவில் நிற்கும் ஒரு பையனின் ஏமாற்றத்துக்கு வைத்திருக்கிறார்கள். நடுவில் வரும் புல்லாங்குழல் யோசனை 'கலிஃபோர்னியா டிரீமின்' பாட்டிலிருந்து வந்தது என்று பிரவுனே சொல்லியிருக்கிறார். ஆக, பழைய பர்செலும் போன மாதத்து வானொலியும் ஒரே பாட்டில் இருக்கின்றன.

இரண்டாவது தட்டு 'பிரிட்டி பேலரினா'. 1967 தொடக்கத்தில் 15ஆம் இடம்வரை போனது. அந்த ஏப்ரலில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் லியோனார்டு பெர்ன்ஸ்டைன் 'இன்சைட் பாப்' என்ற நிகழ்ச்சியை நடத்தினார். பையன்களின் பாப் இசையைப் பெரியவர்கள் ஏன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று விளக்கும் நிகழ்ச்சி. அதில் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு, லிடியன், மிக்ஸோலிடியன் என்ற இரண்டு பழைய சுரவரிசைகள் இதில் கலந்திருக்கின்றன என்று சுட்டிக்காட்டினார்.

நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் லிடியன் என்பது கல்யாணியின் சுரங்கள். மிக்ஸோலிடியன் அரிகாம்போதியின் சுரங்கள். கல்யாணியின் மத்தியமத்தையும் அரிகாம்போதியின் நிஷாதத்தையும் ஒன்றாக வைத்தால் வருவது 64ஆவது மேளம், வாசஸ்பதி. ராகம் என்றால் வெறும் சுரவரிசை இல்லை, தெரியும். கமகமும் பிடியும் இல்லாமல் வாசஸ்பதி ஏது? ஆனால், சந்தையில் அந்த அண்ணன் சொன்னது இப்போது புரிகிறது. "கல்யாணி மாதிரி போவும் தம்பி, ஆனா ஏமாத்திரும்." அவருக்கு பெர்ன்ஸ்டைனையும் தெரியாது, லிடியனையும் தெரியாது.

பிரவுனுக்கு 18 வயது நிறைந்த மாதம் அது. உலகின் புகழ்பெற்ற இசை நடத்துநர் தொலைக்காட்சியில் உன் பாட்டைப் பாராட்டுகிறார். அதே நாட்களில் உன் குழு வழக்கறிஞர்களின் கையில் இருக்கிறது.

*

நடந்தது இதுதான். பிரவுனுக்குப் பயணம் பிடிக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து பாட்டுச் செய்ய ஆசை. மற்றவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடினார்கள். பிரவுனின் இடத்தில் வேறொருவர் வாசித்தார். தயாரிப்பும் வெளியீட்டு உரிமையும் அப்பாவின் பக்கம். பதிவுகளில் பெரும்பாலும் வாசித்ததோ அப்பாவுக்குத் தெரிந்த கூலி வாத்தியக்காரர்கள். இப்படியிருக்க 'குழு' என்பது யார்? மேடையில் வியர்த்து நிற்பவர்களா, கூடத்தில் சாவி வைத்திருப்பவனா?

1967இல் பிரவுன் தன் பதிலைத் தட்டாகவே வெளியிட்டார். பெர்ட் சாமர் என்ற வேறொரு பாடகரையும் கூலிக் கலைஞர்களையும் வைத்து 'ஐவி, ஐவி' என்ற பாட்டைப் பதிவுசெய்து, லெஃப்ட் பேங்க் என்ற பெயரிலேயே வெளியிட்டார். மற்றவர்கள் வக்கீல் வைத்தார்கள். அந்தத் தட்டை வாங்க வேண்டாம் என்று ரசிகர் மன்றத்தைக் கேட்டுக்கொண்டார்கள். எது உண்மையான லெஃப்ட் பேங்க் என்று வானொலிக்காரர்கள் குழம்பிப்போய் ஒதுங்கினார்கள். ஸ்மாஷ் நிறுவனமும் கைவிட்டது. தட்டு செத்தது. கூடவே குழுவின் நல்ல பெயரும் செத்தது.

வருடக் கடைசியில் சமாதானமாகி எல்லோரும் சேர்ந்து 'டெசிரே' பாடினார்கள். என் கணக்கில் அவர்களுடைய மிகப் பிரமாண்டமான பாட்டு அதுதான். பட்டியலில் 98ஆம் இடம். அதோடு பிரவுன் போய்விட்டார். 1968 நவம்பரில் மற்ற மூவரும் கொண்டுவந்த இரண்டாவது ஆல்பத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதில் பின்குரல் கொடுத்த பையன்களில் ஒருவர் பிற்காலத்தில் ஏரோஸ்மித் குழுவின் பாடகராகப் புகழ்பெற்ற ஸ்டீவன் டைலர். 1969இல் எல்லாம் முடிந்தது.

நான் பல வருடம் இந்தக் கதையை ஒரே மாதிரிதான் நண்பர்களிடம் சொல்லிவந்தேன். மேதை ஒருவன் இருந்தான். சுற்றியிருந்தவர்களுக்கு அவனைப் புரியவில்லை. குழு உடைந்தது. நமக்குப் பிடித்த கதை வடிவம் இது. எழுத்தாளர்களைப் பற்றியும் இதையேதான் சொல்கிறோம்.

இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. 'ஐவி, ஐவி'யைத் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் காரணம். மோசமான பாட்டு இல்லை. அதே மனிதரின் மெட்டு. அதே மாதிரி நேர்த்தி. சாமரும் நல்ல பாடகர். இரண்டு வருடம் கழித்து உட்ஸ்டாக் மேடையில் பாடியவர். ஆனால், அதில் ஏதோ இல்லை. கேரோவின் குரல் இல்லை. ஃபின்னும் கேமரனும் அந்தக் குரலுக்கு இருபுறமும் தோள்கொடுத்து நிற்கும் அந்த இணைகுரல் இல்லை. மறுபக்கம், இரண்டாவது ஆல்பத்தில் அந்தக் குரல்கள் எல்லாம் இருக்கின்றன. அழகாகவே பாடுகிறார்கள். ஆனால், முன்பு காலடியில் நழுவிய தரை, அந்த எதிர்பாராத சுரத்திருப்பம், பெரும்பாலும் வரவில்லை. பிரித்துப் பார்த்தால் எந்தப் பாதியும் லெஃப்ட் பேங்க் இல்லை. அப்பாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பதினாறு வயதுப் பையனின் பாட்டுக்குத் தன் வயலினையும் தன் ஆட்களையும் கொடுத்தவர் அவர். அதே அப்பாவின் உரிமைப் பத்திரங்கள்தான் பையன்களைப் பிரிக்கவும் செய்தன.

பிரவுனின் பிற்காலம் இதற்கு இன்னொரு சான்று. 1969இல் மான்டாஜ் என்ற குழுவுக்குப் பின்னால் இருந்து பாட்டு எழுதினார். பிறகு ஸ்டோரீஸ் என்ற குழுவை அமைத்து, இரண்டு ஆல்பம் செய்து, விலகினார். அவர் போன பிறகு 1973இல் அந்தக் குழு பாடிய 'பிரதர் லூயி' அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. பாட்டு அவருடையது அல்ல, அவர் அங்கே இல்லவும் இல்லை. ஒரு குழுவைத் தொடங்கத் தெரிந்தவர், அதில் தங்கத் தெரியாதவர். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. சிலருக்கு அது முடிவதில்லை.

*

சரி, எச்சம் என்ன?

முதல் எச்சம் பாட்டு தானே நடந்து போனது. 1967இல் ஃபோர் டாப்ஸ் அதைத் தங்கள் ஆல்பத்தில் பாடினார்கள். மறு ஆண்டு தனித்தட்டாக வந்து அமெரிக்காவில் 14ஆம் இடம், பிரிட்டனில் 3ஆம் இடம். லீவை ஸ்டப்ஸ் அந்த ஒடுங்கிய பையனின் பாட்டை எடுத்து, தெருவெல்லாம் கேட்கும்படி கதறினார். பாட்டு அதையும் தாங்கியது. 1983இல் ரிக்கி லீ ஜோன்ஸ் பாடினார். 1986இல் இங்கிலாந்துக் கலைஞர் பில்லி பிராக் ஒரு வேடிக்கை செய்தார். பாட்டின் மெட்டை ஜானி மார் கிட்டாரில் வாசிக்க, அதன்மேல் தன் சொந்தக் காதல் சொதப்பலைப் பேச்சாகவே பேசினார். அது எந்தத் தட்டின் மறுபக்கத்தில் வந்தது தெரியுமா? 'லீவை ஸ்டப்ஸின் கண்ணீர்' என்று பொருள்படும் பாட்டின் மறுபக்கத்தில். 2006இல் லிண்டா ரான்ஸ்டாட்டும் ஆன் சவாயும் இரண்டு பெண் குரல்களில் பாடினார்கள். வயதான பெண்கள் பாடும்போது ரெனே யார், போகச் சொல்பவர் யார் என்பதே மாறிவிடுகிறது.

இரண்டாவது எச்சம் ஓர் அனுமதி. தன் அறையில் தனியே உட்கார்ந்திருக்கும் கூச்சமான பையனின் சின்னத் துக்கத்துக்கும் தந்தி வாத்தியங்களைக் கூப்பிடலாம். பின்னால் வந்த எத்தனையோ பேர், இவர்கள் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட, அந்த அனுமதியின் பேரில்தான் பாடிக்கொண்டிருக்கிறார்கள். 1930களில் சில ஆண்டுகளே வந்த மணிக்கொடியைப் படிக்காதவர்களும் மணிக்கொடிக்குப் பிறகான மொழியில்தான் கதை எழுதுகிறோம். அதைப் போன்றது இது.

மூன்றாவது எச்சத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அந்த மனிதர்கள். பாட்டு பாடகர் மாறி மாறிச் சுகமாக வாழ்ந்தது. அவர்கள் அப்படி வாழவில்லை. இருபது வயதாவதற்குள் செய்த ஒன்றின் பெயரால் வாழ்நாள் முழுக்க அழைக்கப்பட்டார்கள். பிரவுன் இல்லாமல் 1978இல் மீண்டும் கூடிப் பதிவுசெய்த ஆல்பம் 1986இல்தான் வெளிவந்தது. 2011இல் ஃபின்னும் கேமரனும் புதியவர்களைச் சேர்த்து, நியூயார்க்கில் மறுபடி மேடை ஏறினார்கள். பிரவுன் 2015 மார்ச்சில் இறந்தார், 65 வயது. கேமரன் 2018இல். கேரோவும் ஃபின்னும் 2020இல், ஒரே ஆண்டில்.

*

கடைசியில் சொல்வதாகச் சொன்ன காரணம்.

பல வருடங்களுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் ஒரு சிற்றிதழ் நடத்தினோம். மூன்று இதழ் வந்தது. நான் நன்றாக எழுதுவேன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அச்சகத்துக்கு அலைவது, கடை கடையாகப் போடுவது, சந்தா கேட்பது இதெல்லாம் மற்றவர்கள் வேலை என்றும் எண்ணம். ஒரு மனத்தாங்கல் வந்தது. காரணத்தை இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. நான்காவது இதழை நான் தனியாகக் கொண்டுவந்தேன். அதே பெயரில். வெளியிலிருந்து நான்கு பேரிடம் படைப்பு வாங்கி, அட்டையும் நன்றாகப் போட்டு. நண்பர்களில் ஒருவன் தொலைபேசியில் கேட்டான், "ஏன்டா, எங்க பேரையும் சேத்துதானடா அந்தப் பேரு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாவது இதழ் வரவில்லை.

லெஃப்ட் பேங்கின் கதையில் 'ஐவி, ஐவி' வரும் இடத்தை அதனால்தான் என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை. அந்த நான்காவது இதழ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பிழை குறைவு, அச்சு சுத்தம். முதல் மூன்று இதழ்களில் ஒற்றுப்பிழை ஏராளம், ஒரு கவிதையே தலைகீழாக அச்சாகியிருக்கும். போன வருடம் ஓர் இலக்கியச் சந்திப்பில் ஒரு தங்கை வந்து, இரண்டாவது இதழின் நகல் தன்னிடம் இருப்பதாகச் சொன்னாள். அதிலிருந்த ஒரு கவிதைதான் தன்னை எழுத வைத்தது என்றாள். நீங்கள் எழுதியதா என்று கேட்டாள். அது நான் எழுதியதல்ல. அவன் எழுதியது. கடைசி இரண்டு வரியை வெட்டச் சொன்னது நான். தலைப்பை வைத்தது இன்னொருவன்.

"நாங்க எழுதுனது" என்றேன்.

அன்றிரவு அவனுக்குச் செய்தி அனுப்பினேன், அந்தத் தங்கை சொன்னதை அப்படியே. பிறகு, காரணம் எதுவும் எழுதாமல், 'வாக் அவே ரெனே'யையும் அனுப்பினேன். லெஃப்ட் பேங்க் பாடியதை. மறுநாள் காலை பதில் வந்தது.

"இது ஃபோர் டாப்ஸ் பாட்டுதானடா?"

இனிமேல்தான் விளக்க வேண்டும்.